இரண்டு விரல் ஆழம்

பங்கீட்டுக் கல்லின் மேல் செருப்போடு ஏறக்கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கிருஷ்ணன் ஏறிவிட்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலடியில் கால்வாய்த் தண்ணீர் மூன்றாகப் பிரிந்து விழ, இடுப்பில் கை வைத்து நின்றார். மகன் அஜய் போனைத் தூக்கிப் பிடித்து, "மூஞ்சில வெளிச்சம் வுழலப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றான். அவர் கீழே பார்க்காமலே நகர்ந்து, மேல்பங்கு வழியின் விளிம்பில் சரியாக நின்றார். கல் வழுக்குகிற இடம் அது. புதிதாக வருகிறவர்கள் அங்கே யாருடைய தோளையாவது பிடித்துக்கொள்வார்கள். அவருடைய கால்களுக்கு அந்த இடம் நினைவிருந்தது. என்னைத்தான் அவருக்கு நினைவில்லை.

"எறங்குங்கய்யா, வழுக்கும்" என்றேன்.

"எனக்கா வழுக்கும்? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கல்லு மேல ஓடியாடனவன் நானு. இன்னாம்மா நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் குமரேசன், பெண்ணின் தகப்பனார். பெண்ணைக் கொடுக்கப் போகிறவர், சம்மந்தி சிரித்தால் அவரைவிட ஒரு பங்கு அதிகமாகச் சிரிக்கத்தான் வேண்டும். பெண் காவியா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். காலையில் படவேட்டில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, இரண்டு வீட்டாரும் கலந்து பேசுவதற்காக மூங்கில்துறைக் கால்வாய்ப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள். நான் இங்கே வழிகாட்டி. டிக்கெட் கொடுக்கிற சிவசங்கரி இரண்டு நாள் முன்பே எனக்குச் சொல்லிவிட்டாள்: "தெரௌபதி, அந்த மேல்பங்கு கிருஷ்ணன் வூட்ல இருந்து வர்றாங்களாம். பொண்ணு திருப்பத்தூர்ல ஆர்டுவேர் கடை வெச்சிருக்கற குமரேசன் பொண்ணாம். வேற யாரையாவது கூட அனுப்பட்டுமா?" வேண்டாம் என்றேன். அன்று எனக்கு வார விடுமுறை. அதை மாற்றிக்கொண்டு வந்தேன்.

கால்வாயைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது இந்தக் கல்லைத்தான். மேலே படகு விடுகிற குளம், அதற்குக் கீழே இரும்பு ஷட்டர், அதற்குக் கீழே பத்தடி தள்ளி இந்தக் கல், அப்புறம் குழந்தைகள் கால் நனைத்து விளையாடும் மூன்று வாய்க்கால்கள். பூங்கா மொத்தமும் இவ்வளவுதான். ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிற ஓடையை மேலே ஓர் அணையில் மறித்துத் தண்ணீரை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். கொண்டுவருவது பெரிய வேலையில்லை. மூன்று ஊருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை. யாரோ ஒருவர், பெயர் தெரியாதவர், அதை ஒரே ஒரு கல்லில் முடித்திருக்கிறார். கால்வாயின் குறுக்கே இக்கரையிலிருந்து அக்கரை வரை ஒரே நீளக் கருங்கல். அதன் மேல்விளிம்பில் பல் விழுந்த மாதிரி மூன்று வழிகள். நிலம் அதிகமுள்ள மேல்பங்குக்கு அகலமான வழி, நடுப்பங்குக்கு அதைவிடக் குறுகலாக ஒன்று, கடைப்பங்குக்கு இன்னும் குறுகலாக ஒன்று. தண்ணீர் கரைபுரண்டு வந்தாலும் சரி, சொட்டாக வந்தாலும் சரி, அகலத்துக்குத் தக்கபடி தானாகப் பிரிந்துவிடும். காவல் வேண்டாம், சண்டை வேண்டாம். இதைச் சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று வழிகளின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆடியிலும் தண்ணீர் திறப்பதற்கு முன் மூன்று ஊராரும் இங்கே கூடுவார்கள். பித்தளைப் பூண் போட்ட கருங்காலி அளவுகோல் ஒன்று கங்கையம்மன் கோயிலில் இருக்கும். அதை எடுத்துவந்து ஒவ்வொரு வழியின் குறுக்கேயும் வைத்து, "சரியா?" என்று ஒருவர் கேட்க, "சரி!" என்று மூன்று ஊரும் கத்தும். பிறகு வழிகளின் தரையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிடுவார்கள். அம்மன் உட்காரும் இடம் அது. அதற்குமேல் அங்கே யாரும் காலை வைக்க மாட்டார்கள், விரலையும் வைக்க மாட்டார்கள். அகலத்தை அளந்தார்கள், தரையைக் கும்பிட்டார்கள். கும்பிட்டதை அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேல்பங்கு வழியின் தரை மட்டும் மற்ற இரண்டையும்விட இரண்டு விரற்கடை தாழ்வு.

இரண்டு விரல்தானே என்று தோன்றும். நிறைந்து ஓடும் காலத்தில் அது ஒன்றுமே இல்லை. முழங்கால் உயரத் தண்ணீரில் இரண்டு விரல் கூடினால் யார் கண்ணுக்குத் தெரியும்? கார்த்திகையில் கடைப்பங்கு வயலிலும் நெல் நன்றாகத்தான் நிற்கும். மாசி பங்குனியில் ஓடை சுருங்கி, கல்லின் மேல் தண்ணீர் விரல் அளவுக்கு இறங்கும்போதுதான் அந்தப் பள்ளம் வேலை செய்யத் தொடங்கும். மூன்றாகப் பிரிய வேண்டிய தண்ணீர் சரிந்து சரிந்து ஒரே வழிக்குப் போகும். கடைசியில் மற்ற இரண்டு வழிகளும் காய்ந்து கிடக்க, மேல்பங்கு மட்டும் ஓடும். தண்ணீர் இருக்கும்போது தூங்கி, இல்லாதபோது மட்டும் விழித்துக்கொள்கிற திருட்டு. செய்தவன் தண்ணீரை நன்றாகப் புரிந்தவன். அதை நான் மறுக்க மாட்டேன்.

என் அப்பா காசி இந்தக் கால்வாயின் நீர்க்கட்டி. மூன்று ஊரும் சேர்ந்து வைத்த ஆள். வாய்க்காலைத் தூர்வாருவது, அடைப்பு எடுப்பது, கடைசி வயல் வரைக்கும் தண்ணீரைக் கூட்டிப் போவது அவர் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பங்குனியில் கடைப்பங்கு முழுவதும் பயிர் கருகியது. கல் பொய் சொல்லாது என்று மூன்று ஊருக்கும் தெரியும். அப்படியானால் பொய் சொல்வது ஆள்தான். கடைப்பங்கு வழியில் அப்பா ராவோடு ராவாகப் புல்லைத் திணிக்கிறார் என்று முதலில் சொன்னவர் கிருஷ்ணன். "மேல்பங்குக்காரன் நானே சொல்றேன், எங்களுக்குக் கூட தண்ணி வருது, எனக்கே மனசு கேக்கல" என்று அவர் சொன்னபோது நம்பாதவர் யார்? கங்கையம்மன் கோயில் முன்பு அப்பா கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றிச் சத்தியம் செய்தார். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் கடைப்பங்கிலிருந்து ஓர் இளவட்டம் முன்னால் வந்து அவரை அறைந்தான். தலைத்துண்டு கீழே விழுந்தது. அறைந்தவன் பெயர் குமரேசன்.

அதன்பிறகு நாங்கள் வாணியம்பாடிக்குப் போய்விட்டோம். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். சாகும் வரைக்கும் இந்தப் பக்கம் வரவில்லை. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "அகலம் சரியாத்தானம்மா இருந்துச்சு. அப்ப தண்ணி எங்க போச்சு?" என்பார். அவருக்குக் கடைசிவரை விடை தெரியவில்லை. அவரும் தரையைக் கும்பிட்டவர்தான்.

விடை எனக்குக் கிடைத்தது அப்பா இறந்த பிறகு, பூங்கா கட்டும் வேலைக்கு நான் இங்கே வந்திருந்தபோது. கால்வாயை வற்றவைத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். குடித்த பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நான் கல்லுக்கு மேற்புறம் ஊற்றினேன். அது மற்ற இரண்டு வழிகளையும் எட்டிப் பார்க்காமல் மேல்பங்குக்குப் போனது. குனிந்து விரலால் தடவினேன். மற்ற இரண்டு தரையும் வழவழவென்று இருந்தன. இதில் மட்டும் உளி கொத்திய பொரிப்பொரியான தழும்பு. அந்தக் கல்லின் மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழவில்லை. பழியை முதலில் சொன்னது யார் என்று நினைத்ததுமே யார் செய்தது என்று தெரிந்தது, ஆனால் சாட்சி இல்லை. போய்க் கேட்டால் இல்லை என்பார், அவ்வளவுதான். பிறகு யாரோ படித்தவர் வந்து பார்த்துவிட்டுப் பெயர்ப்பலகை எழுதி வைத்தார்: மேல்பங்கு வழி சற்றுத் தாழ்வாக இருப்பது வண்டலை வெளியேற்ற முன்னோர் கையாண்ட நுட்பம். தப்பு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பலகை எனக்கு வேண்டியிருந்தது. எந்த மதகையும் திறக்க ஓர் இடத்தில் பிடிக்க வேண்டும். கிருஷ்ணனை எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியும். தான் செய்ததை இன்னொருவன் செய்தான் என்று சொன்னால் அவரால் தாங்க முடியாது. ஊருக்கு ரோடு வந்ததும் அவரால்தான், மழை வந்ததும் அவரால்தான் என்று சொல்லித் திரிகிறவர்.

அவர் கல்லிலிருந்து இறங்கிய பிறகு, எல்லோருக்கும் சொல்வதுபோலவே எல்லாம் சொன்னேன். அணை, ஷட்டர், கல், அகலம், ஆடிச் சடங்கு. காவியா நிறையக் கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள். "அக்கா, அகலம் மட்டும் சரியா இருந்தா போதுமா?" என்றாள். போதாது என்று சொல்லி, ஒவ்வொரு வழியிலும் கையை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை விட்டாள். கடைசியாக மேல்பங்கு வழியில் விட்டதும் அவள் முகம் மாறியது. "இது பள்ளமா கீது!" பலகையைப் படித்துக் காட்டினேன். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இன்னா மூளை பாருங்க சம்மந்தி" என்றார் குமரேசன்.

"இவ்ளோ சன்னமா கொத்தறதுக்கு இப்ப ஆளே கெடையாதுன்றாங்க. ராஜா காலத்து வேலையாம்" என்றேன்.

கிருஷ்ணன் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கி, மறுபடியும் கிளம்பியது. காவியா போனை மார்புக்கு நேராகப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ராஜாவாவது கூஜாவாவது" என்றார். "எந்த ராஜாம்மா வந்து கொத்தினான்? இதோ நிக்கறேனே, நான் கொத்தனது!"

சிரித்தார்கள். நான் எதிர்பாராதது அதுதான். இத்தனை வருடங்களில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து விழுகிற நொடியை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் வெளுக்கும், சுற்றி நிற்பவர்கள் திகைப்பார்கள் என்றெல்லாம். அவர் முகம் மலர்ந்திருந்தது. அஜய், "எப்பா, நீ பெரிய கேடிப்பா!" என்று தோளில் தட்டினான். குமரேசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைப்பங்குக்காரர். என்ன சொல்லப்பட்டது என்று அவர் காதில் ஏறவில்லை, சம்மந்தி வேடிக்கையாக ஏதோ சொன்னார் என்பது மட்டும்தான் ஏறியது. அப்பா வாங்கிய அறையும் இந்தச் சிரிப்பில்தான் முடியும் போலிருந்தது.

மூன்று வழிகளிலும் தண்ணீர் முழங்கால் உயரத்திலிருந்து கொட்டுகிறது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே பாதிதான் கேட்கும். போனில் எது ஏறியிருக்கும்?

"இருங்கய்யா, தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றேன். "நல்லா சொல்லுங்க, அவங்க வீடியோ எடுக்கறாங்க இல்ல."

ஷட்டருக்கு நடந்தேன். அது ஒரு நீளமான திருகாணியில் தொங்குகிற இரும்புத் தகடு. மேலே சக்கரத்தைச் சுற்றினால் மரை மரையாக இறங்கும். அவசரப்படுத்த முடியாது. எவ்வளவு வெறியோடு சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மரைதான். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. கடைசி மரை இறுகியதும், கொட்டுகிற சத்தம் கரகரத்து, தேய்ந்து, சளசளப்பானது. அமைதி வர வர, விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளின் பெற்றோர்கள்கூட என்னவென்று பார்க்க வந்து நின்றார்கள். ஆட்கள் கூடியதைப் பார்த்து கிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவர் அழகாகச் சொன்னார். கோணிப்பையை நனைத்து உளி மேல் சுற்றியதையும், சத்தம் கேட்காமல் இருக்க ஊர்த் திருவிழா மேளத்தோடு மேளமாகக் கொத்தியதையும், அளவுகோலை வைத்து மூன்று ஊரும் "சரி!" என்று கத்தியபோது தானும் சேர்ந்து கத்தியதையும் சொன்னார். "எல்லாரும் கோலையே பாத்துக்கினு இருந்தாங்க. எவனாவது குனிஞ்சு பாத்தானா? சம்மந்தி, கோச்சுக்கக் கூடாது, உங்க கடைப்பங்கு ஆளுங்களுக்குக் கண்ணு நெத்தியில!"

குமரேசன் இந்த முறை சிரிக்கவில்லை. "எந்த வருசம்ங்க அது?" என்றார்.

"அதான், பயிரெல்லாம் கருகிப் போச்சுன்னு நீங்கல்லாம் கோயில்ல கூடலயா..." கிருஷ்ணன் அங்கே நிறுத்தினார். நிறுத்தியதை நான் பார்த்தேன். ஆனால் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. கதையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர் அவர்.

"அப்போ பழி யாரு மேல போச்சுங்கய்யா?" என்றேன்.

"அவன் ஒருத்தன் இருந்தான், நீர்க்கட்டி. காசின்னு. அவன் மேல தள்ளிவுட்டாச்சு. அதெல்லாம் ஆச்சு, எவ்ளோ காலம்..."

"நான் காசி பொண்ணு."

கிருஷ்ணன் என் முகத்தை இப்போதுதான் முதல்முறையாக உற்றுப் பார்த்தார். எங்கள் அப்பாவின் தாடை எனக்கு. "ஏம்மா, நீ... அது ஏதோ அந்தக் காலத்துல விளையாட்டா..." என்றவர் திரும்பி, "பொண்ணே, அதை அழிச்சுடும்மா" என்றார் காவியாவிடம். காவியா போனைத் தாழ்த்தவில்லை. அஜய் அவளைப் பார்த்தபடி நின்றான். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் தண்ணீரை நிறுத்தினால், நமக்குக் கோபம் இல்லாதவன் வயலும்தான் காயும்.

குமரேசன் என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் குனிந்து அதைப் பார்த்தார்.

கீழே வாய்க்காலில் குழந்தைகள் கூச்சல் போட ஆரம்பித்திருந்தார்கள். சேற்றில் நின்றுகொண்டு, தண்ணீர் எங்கே, தண்ணீர் எங்கே என்று கத்தினார்கள். யாரோ ஒரு தகப்பன், "ஏங்க, தண்ணிய வுடுங்க!" என்று கை தட்டினான். கிருஷ்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. சத்தம் திரும்பி வந்தால் எல்லாம் மூடிப்போகும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தொறம்மா" என்றார். முதலில் அதட்டலாக. பிறகு குரல் இறங்கியது. "தண்ணிய தொறந்து வுடும்மா. பசங்க கேக்கறாங்க பாரு. தாயே, தொறம்மா."

"உங்க முறை வரட்டுங்க" என்றேன்.

குமரேசன் செருப்பை உதறிவிட்டுக் கல்லருகே போய் மண்டியிட்டார். கடைப்பங்கு வழி காய்ந்துவிட்டிருந்தது. நடுப்பங்கில் ஈரம் மட்டும் பளபளத்தது. ஷட்டருக்கு அடியில் கசிந்ததெல்லாம் சேர்ந்து மேல்பங்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதலில் காய்ந்த தரையைத் தொட்டார், பிறகு அந்தக் கையை அப்படியே நகர்த்தி ஓடுகிற தண்ணீருக்குள் வைத்தார். படுக்கவைத்த இரண்டு விரல்கள் முழுசாக உள்ளே போயின. அவர் அவற்றை எடுக்கவில்லை. தண்ணீர் விரல்களைச் சுற்றிப் பிரிந்து, கூடி, மேல்பங்குக்கு ஓடியது. என் கை சக்கரத்தின் மேலேயே இருந்தது. முதுகுக்குப் பின்னால், ஷட்டரில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது.